விரதம் இருந்த மாத்திரை

களியக்காவிளையில் ஒரு மருந்துக் கடை. சாயங்கால நேரம், நல்ல கூட்டம். நான் கவுண்டரில் சாய்ந்து நின்று, கடைக்காரருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். துப்பட்டாவால் முக்கால் முகத்தை மூடியிருந்தாள். அவள் என்னைவிட மெதுவான குரலில் ஏதோ கேட்டாள். கடைக்காரருக்குக் காதில் விழவில்லை. "என்னது?" என்று சத்தமாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சொன்னாள்.

குரல் தெரிந்த குரலாக இருந்தது. திரும்பினேன். அவளும் திரும்பினாள்.

சிந்து! பாறசாலையில் எங்கள் பக்கத்து வீட்டு மருமகள்.

"சேச்சி… நீங்க என்னத்துக்கு இங்க?"

"நீ என்னத்துக்கு இங்க?"

எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்திலேயே மருந்துக் கடைகள் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறி, எல்லை தாண்டி, தமிழ்நாட்டுக்கு வந்து மருந்து வாங்குகிறோம். காரணம் ஒன்றுதான். உள்ளூர்க் கடைக்காரருக்கு நம்மைத் தெரியும், நம் மாமியாரைத் தெரியும், நம் வீட்டு நாயைக்கூடத் தெரியும்.

(நான் என்ன வாங்கப் போனேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன். சொல்வதாக இருந்தால் பாறசாலையிலேயே வாங்கியிருப்பேனே!)

இதில் வேடிக்கை என்னவென்றால், களியக்காவிளைப் பெண்கள் இதே காரியத்துக்குப் பாறசாலைக்கு வருகிறார்கள். எதிரெதிர் பஸ்ஸில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்களில் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் பேச்சு என்பார்கள். நெய்யாற்றின்கரை தாலுகா தமிழர்களோடு போகுமா, இல்லையா? ஊர்வலம், மறியல், கடையடைப்பு… கடைசியில் விளவங்கோடு அந்தப் பக்கம் போனது. நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். அந்தக் கோட்டினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுவார்கள். வெட்கப்படுகிற நோயாளிகளுக்கு லாபம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அதுவும் பெண்கள் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

திரும்பி வரும்போது ஒரே பஸ். ஒரே சீட். சிந்து மருந்துப் பொட்டலத்தைக் கைப்பையின் அடியில் திணித்தாள். அப்புறம் தானாகவே சொன்னாள்.

"கர்ப்பத்தடைக் குளிகை சேச்சி. அம்மாகிட்ட சொல்லீராதிங்க."

குளிகை என்றால் மாத்திரை. அம்மா என்றால் அவளுடைய மாமியார், பொன்னம்மை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆட்சி அவருடையதுதான். குரல் பெரிது, மனசும் பெரிது. ஆனால் குரல்தான் முதலில் வந்து சேரும்.

சிந்துவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலை. நாள் முழுக்க நின்றபடி சேலையை விரித்துப் போட்டு, மடித்து வைத்து, மறுபடி விரித்துப் போடுகிற வேலை. இரண்டாவது பிரசவத்தின்போதே டாக்டர் கேட்டாராம் — குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைச் சேர்த்துச் செய்துவிடலாமா என்று. கணவன் சுனில், "பொறவு பாக்கலாம்" என்றான். பொன்னம்மை வாயே திறக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் இருப்பது ஊரில் அபூர்வம் என்பதால் சிந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: அம்மாவுக்குப் பேரன் வேண்டும்.

"எனக்கு ரெண்டு போதும் சேச்சி. இவங்கள நல்லா படிப்பிச்சா போதும். சுனிலண்ணனுக்கும் அதுதான். ஆனா அம்மாகிட்ட ரெண்டு பேரும் சொல்ல மாட்டோம். குளிகை தின்னா யாருக்கும் அறியண்டாம் இல்லியா?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுதானே தொடங்கினே?"

"கூட வேலை செய்யுற பிள்ளை ஒருத்தி சொன்னா. நானே வாங்கிட்டேன்."

"இப்ப எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இடையில நிறுத்தியிருந்தேன். அண்ணன் மால போட்டிருந்தாருல்ல?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். விருச்சிக மாசம், அதாவது கார்த்திகை, பிறந்தால் எங்கள் பக்கத்தில் பாதி ஆண்கள் மாலை போட்டுக்கொள்வார்கள். நாற்பத்தொரு நாள் விரதம். மீன் கிடையாது, பீடி கிடையாது, முன்னறையில் தனிப் பாய். அந்த நாட்களில் கணவன் மனைவிக்கு நடுவே 'சாமி' நிற்கிறார். சுனில் இதில் ரொம்பக் கண்டிப்பானவன். வருஷம் தவறியதில்லை.

ஆகவே, சிந்து ஒரு கணக்குப் போட்டாள். அவருக்கு விரதம் என்றால் எனக்கு எதற்கு மாத்திரை? ஆள் இல்லாத அறையில் ஃபேன் எதற்கு என்று சுவிட்சை அணைப்பது போல, மாலை போட்ட அன்று மாத்திரையை நிறுத்தினாள். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று, பாதியில் விட்ட அட்டையை எடுத்து, விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிட்டாள். அது தீரப்போகிறது என்பதால்தான் இந்தக் களியக்காவிளைப் பயணம்.

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எடி, அது பல்பு இல்ல. போட்ட உடனே எரியாது!" என்றேன்.

இந்த இடத்தில் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (ஆண் வாசகர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்களுக்கும்தான்.)

மாதாமாதம் நம் மூளைக்கு அடியிலுள்ள ஒரு சின்னச் சுரப்பி, சினைப்பைக்குத் தகவல் அனுப்பும். ஒரு முட்டையைத் தயார் பண்ணு, வெளியே விடு என்று. இந்த மாத்திரையில் இருப்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்று பெண் உடம்பில் இயல்பாகச் சுரக்கிற இரண்டு ஹார்மோன்களின் செயற்கை வடிவங்கள். தினமும் இவை ஒரே அளவில் ரத்தத்தில் இருந்தால், அந்தச் சுரப்பி 'இங்கே நமக்கு வேலையில்லை போல' என்று சும்மா இருந்துவிடும். முட்டை வெளியே வராது. கூடவே கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி, விந்தணுவை உள்ளே விடாது. கருப்பையின் உள்படலமும் மெலிதாகிவிடும்.

அட்டையில் கடைசி வரிசை மாத்திரைகள் வேறு நிறத்தில் இருக்கும். அவற்றில் ஹார்மோன் கிடையாது. பெரும்பாலும் இரும்புச் சத்துதான். அந்த நாட்களில்தான் தீட்டு வரும். அடுத்த அட்டை தொடங்க மறக்காமல் இருப்பதற்காக அந்த வரிசை.

தினமும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் என்பதுதான் இதில் உயிர்நாடி. இடையில் விட்டுவிட்டு, நினைத்த நாளில் பாதி அட்டையிலிருந்து தொடங்கினால் முதல் ஏழு நாட்களுக்கு அதை நம்பவே கூடாது. வேறு பாதுகாப்பும் வேண்டும்.

இதையெல்லாம் பஸ்ஸிலேயே சொன்னேன். முன்சீட்டு அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். "ஒரு லேடி டாக்டரைப் பாத்துட்டு பொறவு தின்னு" என்றும் சொன்னேன். சிந்து சரி சரி என்று தலையாட்டினாள். அந்த மாதம் தீட்டு ஒழுங்காக வந்துவிட்டது. வந்துவிட்டதால் டாக்டர் விஷயம் மறந்துபோனது. நாம் எல்லோரும் செய்வதுதானே?

நான் பயந்தது கர்ப்பத்துக்கு. வந்தது வேறு.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணெய் காய்ச்சுகிற வாசனை. எங்கள் பக்கத்தில் இந்த வாசனை வந்தால் யாருக்கோ கையோ காலோ பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வர்மமும், உழிச்சல் என்கிற எண்ணெய்த் தேய்ப்பும் ஊறிய மண். எண்ணெய் தேய்த்து உழிஞ்சால் போகாத வலி உலகத்தில் கிடையாது என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

எட்டிப் பார்த்தேன். சிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தாள்.

"என்னாச்சு?"

"காலு நோவுது சேச்சி. மூணு நாளாச்சு. நிண்ணு நிண்ணு நீர் வச்சுட்டு."

பொன்னம்மை அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தார். "ஜங்ஷன் டாக்டரைக் காட்டியாச்சு மக்கா. வேதனைக்குக் குளிகை தந்தாரு. கொறயல்லன்னா ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னாரு. ஸ்கேன் என்னத்துக்கு? ரெண்டு தடவ சூடா உழிஞ்சா எல்லாம் போவும்."

நான் வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

நின்று வேலை செய்வதால் வருகிற வீக்கம் ஒரு காலுக்கு மட்டுமா வரும்?

எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது நர்ஸ் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை ஞாபகம் வந்தது. ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, வலித்தால் உடனே வரணும். தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால், தேய்க்கிற தேய்ப்பில் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

"மூச்சு வாங்கும்போ ஏதாவது உண்டா?" என்றேன்.

"ராத்திரியிலேருந்து… ஆழமா இழுத்தா இங்க ஒண்ணு குத்துது." விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

பொன்னம்மைக்குக் கேட்காமல் குனிந்து கேட்டேன்: "டாக்டர்கிட்ட அந்தக் குளிகை விஷயம் சொன்னியா?"

"மெள்ளப் பறயுங்க சேச்சி! அம்மா கேக்கும்."

"சொன்னியா, இல்லையா?"

"வேற மருந்து ஏதாவது தின்னுதியான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். அது மருந்தா சேச்சி? எனக்கு தீனம் ஒண்ணும் இல்லையே."

யோசித்துப் பாருங்கள்… அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நோய்க்குச் சாப்பிடுவதுதான் மருந்து. இது நோய்க்கா? நம்மில் எத்தனை பேர் இதை டாக்டரிடம் மருந்து என்று கணக்குச் சொல்லியிருக்கிறோம்? பிரஷர் மாத்திரையைச் சொல்வோம், தைராய்டைச் சொல்வோம். இதை மட்டும் விட்டுவிடுவோம்.

ஆனால் அவள் டாக்டரிடம் மறைத்ததற்கு அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அடுக்களை வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தது.

"எந்தக் குளிகை?" என்றார் பொன்னம்மை. "தையல் மெஷினுக்க டிராயர்ல துணிக்கு அடியில வச்சிருக்கதா?"

சிந்து நீட்டியிருந்த காலை ஸ்டூலிலிருந்து இறக்கப் பார்த்தாள்.

"மால போட்ட அன்னைக்கு நிறுத்தினா. மால கழத்தின அன்னைக்கு தொடங்கினா. நானும் இந்த வீட்டுலதானே கெடக்கேன்? எனக்கென்ன கண்ணு தெரியாதா?" பொன்னம்மை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "எனக்கு முன்னமே தெரியும் மக்கா."

"அம்மா…"

"டாக்டர் கேட்டாருல்ல? பின்ன என்னத்துக்கு இல்லன்னு சொன்னா?"

சிந்து தலையைத் தூக்கவே இல்லை. "நீங்க பக்கத்துல இருந்தியளே அம்மா."

பொன்னம்மை கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "நான் இருந்ததுனாலயா?" என்று கேட்டார். அப்புறம் தனக்குள் கேட்டுக்கொள்வது போல மறுபடி, "நான் இருந்ததுனாலயாக்கும்…" என்றார். நாற்பது வருஷமாக அவரை எனக்குத் தெரியும். அந்தக் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

அப்புறம் எங்கள் மூன்று பேருக்கும் பேச நேரம் இருக்கவில்லை. என் பழைய காரை எடுத்தேன். சுனில் காரோடு என்ற ஊரில் ஒரு வீட்டில் ஒயரிங் வேலையில் இருந்தான். அவனை நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி போன் செய்தேன். குழந்தைகளை எதிர்வீட்டில் விட்டோம். சிந்து பின்சீட்டில் மாமியாரின் மடியில் சாய்ந்திருந்தாள். காலைத் தொடக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் பொன்னம்மை அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

அமரவிளை தாண்டும்போது பொன்னம்மை பேசத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை.

"எனக்க அம்மைக்கு நான் எட்டாவது பிள்ளை. ஒம்பதாவது பேறுல அம்ம போயிட்டா. எல்லைச் சண்ட நடக்குத காலம். கடையடைப்பு. வண்டி ஒண்ணும் கிட்டல்ல. கிட்டியிருந்தாலும் பிழைச்சிருப்பாளோ என்னவோ… அப்பன் அன்னைக்கு ஜாதைக்குப் போயிருந்தாரு. எனக்கு அம்மைக்க முகமே ஓர்ம இல்ல." ஜாதை என்றால் ஊர்வலம். சிந்துவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "அந்தக் காலத்துல அம்மைக்கு இப்படி ஒரு குளிகை கிட்டியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லுவேன்? நீ தின்னுததைக் கண்டப்போ, போகட்டும், தின்னட்டும்னு நினைச்சேன். என்னத்த கேக்க? வெக்கப்படுவியேன்னு கேக்கல்ல."

"உங்களுக்கு பேரன் வேணும்னுல்ல நான்…" என்றாள் சிந்து.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல."

ஒருத்தி கேட்கக் கூடாது என்று மறைத்திருக்கிறாள். இன்னொருத்தி கேட்டால் வெட்கப்படுவாள் என்று கேட்காமல் இருந்திருக்கிறாள். ஒரே அடுக்களையில் ஒரு வருஷத்துக்கும் மேலாக, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழிவிடாமல் போனது. அதன் மேல் ஹாரனை அடித்துத் தீர்த்துக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டியூட்டியில் ஒரு பெண் டாக்டர். மலையாளத்தில் அதே கேள்வியைக் கேட்டார்: "வேறெ மருந்து எந்தெங்கிலும் கழிக்குன்னுண்டோ?"

சிந்து வாயைத் திறப்பதற்குள் பொன்னம்மை முந்திக்கொண்டார். "உண்டு டாக்டரே. கர்ப்பத்தடைக் குளிகை. இடையில நிறுத்தி, திரும்பவும் தொடங்கினது." காத்திருந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கவலைப்படவில்லை.

டாக்டரின் முகம் மாறியது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேனில் காலில் ரத்தக்கட்டு தெரிந்தது. அங்கேயே முதல் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சையும் ஸ்கேன் செய்தார்கள். நுரையீரலுக்கும் ஒரு சின்னத் துண்டு போய்ச் சேர்ந்திருந்தது. உழிஞ்சிருந்தால் பெரியதே போயிருக்கும் என்றார்கள். அதைக் கேட்டதும் பொன்னம்மை வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுனில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிந்து பிழைத்துக்கொண்டாள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரையோடு வீட்டுக்கு வந்தாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கும் யாரும் முதலிலேயே சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. நெய்யாற்றின்கரை டாக்டரிடம்தான். கார் ஓட்டுகிற உரிமையில் நானும் உள்ளே போனேன். என் மனசில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அப்போ இந்தக் குளிகை விஷமா டாக்டர்?"

அவர் தலையை ஆட்டினார். மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். விஷமெல்லாம் இல்லை. எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்காகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். தீட்டுக்கால வலியும் ரத்தப்போக்கும் குறைவதால் ரத்தசோகைகூடக் குறையும். சினைப்பை, கருப்பைப் புற்றுநோய் வருகிற வாய்ப்பும் குறையும். தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டல், தலைவலி, மார்பகத்தில் வலி, இடையிடையே ரத்தக் கசிவு, மனச் சோர்வு வரலாம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். ஆகாவிட்டால் வேறு வகை மாற்றலாம்.

ஆனால் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், ரத்தம் உறைகிற தன்மையைக் கொஞ்சம் கூட்டும். எல்லோருக்கும் கட்டு வராது. அபூர்வமாகச் சிலருக்கு வரும். சொல்லப்போனால் கர்ப்பமாக இருக்கும்போதும் பிரசவத்துக்குப் பிறகும்தான் அந்த ஆபத்து இன்னும் அதிகம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் வெளிச்சம் மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்தவர்கள் — இவர்களுக்கு இந்த மாத்திரை பொதுவாகக் கூடாது, அல்லது ரொம்ப யோசித்துத்தான் கொடுக்கணும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரையும் உண்டு, வேறு வழிகளும் உண்டு.

"குடும்பத்துல யாருக்காவது உண்டா?" என்று கேட்டார்.

"அக்காவுக்கு பேறு கழிஞ்சப்போ காலு வீங்கி ஆறு மாசம் மருந்து தின்னா" என்றாள் சிந்து.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது ஒண்ணு தெரிஞ்சிருந்தா நான் ஒனக்கு இந்தக் குளிகையைத் தந்திருக்கவே மாட்டேன் மோளே."

இன்னொன்றும் சொன்னார். ரத்தக்கட்டு ஆபத்து அதிகமாக இருப்பது சாப்பிடத் தொடங்குகிற முதல் சில மாதங்களில்தானாம். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால், உடம்புக்கு அது மறுபடி முதல் மாதம். விரதக் கணக்குப் பார்த்து வருஷா வருஷம் நிறுத்தித் தொடங்குகிற பெண்கள் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். நான் எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் மாலை போடுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். அதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். "பத்தியில் எழுதுகிற விஷயமா இது?" என்று கேட்டு எழுதப்போகிற அன்பர்களே, ஆமாம். இதுதான்.

"இனிமே என்ன செய்ய டாக்டரே?" என்று பொன்னம்மைதான் கேட்டார். "இவளுக்கு ரெண்டு போதும். எனக்கும் போதும்."

இந்த மாத்திரை இனி இவளுக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம் என்றார் டாக்டர். காப்பர்-டி போடலாம், ஆனால் ரத்தம் இளக்குகிற மருந்து சாப்பிடும்போது தீட்டு அதிகமாகப் போகலாம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அதற்கு மருந்து முடியும்வரை காத்திருக்கணும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் சிந்துவின் உடம்பில் செய்கிற காரியங்கள்.

பொன்னம்மை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வாசல் பக்கம் நின்ற மகனைக் கையால் காட்டினார். "இவனுக்கு செய்ய ஒண்ணும் இல்லியா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உண்டல்லோ! ஆணுக்குத்தான் எல்லாத்தையும் விட லேசு. மரத்துப்போக ஒரு ஊசி, கொஞ்ச நேர வேலை, அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். மூணு மாசம் கழிச்சு ஒரு பரிசோதனை. அதுவரைக்கும் கவனமா இருக்கணும். அவ்வளவுதான்."

எல்லோரும் சுனிலைப் பார்த்தோம். "வண்டி நோ பார்க்கிங்குல நிக்கிது" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான். நிறுத்தியிருந்தது என் கார். சரியான இடத்தில்தான் நின்றது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நாட்களில் அவன் சாப்பிட்டானா தூங்கினானா என்று யாருக்கும் தெரியாது. நல்லவன்தான். மனைவியின் மாத்திரை அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். 'அது அவள் பார்த்துக்கொள்வாள்' என்று விட்டுவிட்டான். நல்ல ஆண்கள் பலரும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். கத்தி தன் பக்கம் திரும்பும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. பயம். பலம் போய்விடும், வேலை செய்ய முடியாது என்று யார் யாரோ சொன்னது. அதெல்லாம் சும்மா என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். அப்புறமும் சில வாரங்கள் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் செய்துகொண்டு வந்தான்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து நான் போனேன். சிந்து வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. கடையில் இப்போது உட்கார்ந்து பில் போடுகிற வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுனில் கட்டிலில் தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்து, பயறு போட்ட கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பொன்னம்மை பக்கத்தில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதா?" என்றேன்.

"ஊசி குத்தினப்போ கொஞ்சம். அவ்வளவுதான் சேச்சி. நாளைக்கழிஞ்சு வேலைக்குப் போலாம்னு சொன்னாரு."

பொன்னம்மை அவன் கையிலிருந்த காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இம்புட்டுத்தானா, எலே? இதுக்காக்கும் அந்தப் பெண்ணு சாகக் கெடந்தது?"